அந்த இடுப்புப் பிள்ளை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆபரேஷன் முடிந்து ஆச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து நாலு நாள் ஆகிறது. பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் கஞ்சி குடிக்கிறாள், சாயங்காலம் கோயில் மணி கேட்டால் தலையைத் திருப்புகிறாள். எங்களுக்கு அது போதும்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ரத்தம் கொடுத்த தம்பிமார், ஜெபித்த சேகரத்து ஐயா, மாற்றி மாற்றிச் சோறு கொண்டு வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், எங்கள் கோழிகளுக்குத் தீனி போட்ட எதிர்வீட்டு மைனி, எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மடலில் மீதி இடம் ஒருவருக்குத்தான்.

வார்டில் ராத்திரி வேலை பார்த்த ஆயாம்மா. நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியிருப்பார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நான் வராந்தாவில் தூங்கிப்போனேன். உள்ளே ஆச்சி அவரிடம் கதை சொல்லியிருக்கிறாள். அதை அவர் தன் போனில் பிடித்து, வீட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு அனுப்பி வைத்தார். 11 நிமிஷம்.

இடையன்குடிக் கோயில் கதைதான். மிஷனெரி கால்டுவெல் ஐயர் அந்தத் தேவாலயத்தை 1847-ல் கட்டத் தொடங்கி 1880-ல்தான் முடித்தார், 33 வருஷம். ஆச்சியின் பூட்டனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் அம்மா சுண்ணாம்புக் கூடை சுமந்தாளாம். தாது வருஷப் பஞ்சத்திலும் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைப்பாளாம். எங்களுக்கு வேதமே இப்படித்தான் வந்தது. செங்கடல் பிளந்ததும் தேரி மணலில் தண்ணீர் சுமந்ததும் ஆச்சி வாயில் ஒரே கதை. ரொம்ப நாள் மோசேயும் இடையன்குடிக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

பதிவில் தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்கிறது, யாரோ இருமுகிறார்கள். நடுவில் ஆச்சி சொல்கிறாள்: "என் பேரப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் கேக்க நேரமில்ல ளா."

"எனக்குச் சொல்லுங்க ஆச்சி. அப்புறம் என்னாச்சு?"

இந்த 'அப்புறம் என்னாச்சு'வை நான் கடைசியாகக் கேட்டது எட்டாம் வகுப்பிலா, ஒன்பதிலா, நினைவில்லை. ஆச்சி அதே கதையை ஆரம்பித்தால் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகிற ஆள் நான். இனி சனிக்கிழமை குடும்ப ஜெபத்தில் என் பிள்ளைகளுக்கு நானே சொல்லப் போகிறேன். தப்புத்தப்பாகத்தான் வரும்.

பணம் கொடுக்கப் போனேன், ஆயாம்மா வாங்கவில்லை. நர்ஸ் கூப்பிட்டதால் கதை பாதியில் நின்றுவிட்டதாம். "அந்த இடுப்புப் பிள்ளை கோயில் முடிஞ்சதைப் பாத்துச்சா? கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

நேற்று ஆச்சியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வலது கையை மெதுவாகத் தூக்கி இடது இடுப்புக்குக் கொண்டு போனாள். அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது போல அணைத்துப் பிடித்தாள்.

பார்த்தாராம், ஆயாம்மா. தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாராம்.