தலைவெட்டிக் கோயிலுக்கு விண்ணப்பிக்கும் முன்

அன்புள்ள கார்த்தி,

லாட்ஜில் சேரலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், ரசம் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள், அதனால்தான். நான் மேசானிக் லாட்ஜில், அதாவது ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தின் கிளையில், சேர்ந்ததே அவளுக்கு இன்றுவரை பிடிக்காது. இப்போது நீயும் சேரப் போகிறாய் என்று தெரிந்தால் பழி என் தலையில்தான் விழும்.

தலை என்றதும் ஞாபகம் வருகிறது. நான் சேர்ந்த புதிதில் உன் அம்மாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏண்டா, அது தலைவெட்டிக் கோயில்ல?" என்று கேட்டாள். அவள் திருச்சியில் வளர்ந்தவள், சின்ன வயசில் எங்கோ காதில் விழுந்திருக்கிறது. அவள் கற்பனை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான பழைய ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. புதிதாக வருகிறவன் தலையை வெட்டி, திரும்ப ஒட்டவைப்பார்கள் என்று தென்னிந்தியாவில் நம்பினார்களாம். வடக்கே 'ஜாதூகர்', மந்திர வீடு. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒருவனை வாளோடு நிறுத்திவைத்தால் ஊர் வேறென்ன பேசும்? அந்தக் காவல்காரருக்கு டைலர் என்று பெயர், துணி தைக்கிறவர் இல்லை. உன் அத்தை கதை தனி. 'லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்' என்று முதல் தடவை சொன்னபோது அவள் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

யூடியூபில் நீ பார்த்த உலகத்தை ஆளும் ரகசியக் கும்பலை விட்டுவிடு. ஆண்டுச் சந்தா வசூலிக்க எங்கள் செயலாளர் படும் பாட்டைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும்.

எங்கள் சங்கம் முதலில் கல் வேலைக்காரர்களின் சங்கமாக இருந்தது. காலப்போக்கில் உளியே பிடிக்காதவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒரு சாராயக்கடையில் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை, அதாவது லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமைச் சங்கத்தை, அமைத்தன. கொத்தனாரின் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் அதற்குள் நடத்தைக்கு உவமையாகிவிட்டிருந்தன. பதினைந்து வருஷம் ஆவதற்குள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1770-களில் நம் திருச்சியிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா சேர்ந்திருக்கிறார். அம்மாச்சி காதில் விழுந்த கதைக்கு வேர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கலாம்.

நவாப் மகனுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்னகுமார் தத் என்பவர் 1863-ல் விண்ணப்பித்தார். இந்துக்களுக்குப் பல தெய்வம், ஒரே கடவுளை நம்புகிறவன் என்று எப்படி ஏற்பது என்று இழுத்தடித்தார்கள். சேர்த்துக்கொண்டது 1872-ல். சகோதரர்கள் என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டவர்கள் ஒரு மனிதனை ஒன்பது வருஷம் வாசலில் நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஆட்கள் மேடையில் இதைச் சொல்வதில்லை. விவேகானந்தரும் எங்கள் ஆள் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். 1884 பிப்ரவரியில் கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் நரேந்திரநாத் தத்தாவாகச் சேர்ந்தார். பிரசன்னகுமார் தத்தைக் கடைசியில் சேர்த்துக்கொண்டதும் அதே லாட்ஜ்தான். ஆனால் விவேகானந்தர் பெயரைக் காட்டி ஆள் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. இருபத்தொரு வயதில் சேர்ந்தார், பிறகு தன் வழியில் போய்விட்டார்.

1961-லிருந்து நமக்கென்று தனியாக இந்திய கிராண்ட் லாட்ஜ் இருக்கிறது. இன்று எங்கள் கூடத்தில் கீதையும் குர்ஆனும் பைபிளும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடக்கும். அவரவர் தங்கள் நூலின் மேல் கைவைத்து உறுதி எடுக்கலாம். மதமும் அரசியலும் உள்ளே பேசக்கூடாது. இத்தனை வருஷத்தில் என் சாதியை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் சந்தாவும் கோட்டும் கட்டுப்படியாகிறவன்தான் உள்ளே வருகிறான், அதையும் மறைக்கவில்லை.

சரி, நான் ஏன் சேர்ந்தேன்? மதுரையிலிருந்து மாற்றலாகிச் சென்னை வந்தபோது எனக்கு நாற்பத்தொன்று. பேங்க், வீடு, மறுபடி பேங்க். பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்கும், உன் அத்தையின் தம்பிக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவைக்கலாம் என்ற கணக்கில்தான் போனேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அந்தக் கணக்கு முதல் மாலையே கலைந்துவிட்டது. கிழக்கே மாஸ்டர், அதாவது லாட்ஜ் தலைவரின், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திருவல்லிக்கேணியில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். கோட்டின் கைமுனையில் மைக் கறை. அவர் சுத்தியலைத் தட்டியதும் ஓய்வுபெற்ற போலீஸ் உயரதிகாரி ஒருவர் விறைப்பாக எழுந்து நின்றார். பேங்கில் ஏஜிஎம் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தே பழகியவன் நான். ஒரு வருஷம் முடிந்தால் அச்சகக்காரர் இறங்குவார், அடுத்தவர் ஏறுவார். இதைப் பார்த்ததும் வேலைக்குச் சொல்லிவைக்கும் எண்ணத்தை வெளியே எடுக்கவே கூச்சமாகிவிட்டது.

அந்த அச்சகக்காரர்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் சடங்கு முழுக்க மனப்பாடம், பழைய ஆங்கிலம், ஒரு சொல்கூட மாறக்கூடாது. பரங்கிமலையிலிருந்து மின்சார ரயிலில் உதட்டை அசைத்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் ஜெபிக்கிறேன் என்று காலை ஒதுக்கி உட்காருவார். ஞாயிறு காலை அச்சகத்தில், ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, நான் ஒப்பிக்க அவர் கண்ணை மூடிக் கேட்பார். நாலு மாசம். பள்ளிக்கூடம் விட்டபின் நான் சொல்வதை ஒருவர் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து கேட்டது அப்போதுதான். இங்கே ஆட்கள் தங்கிவிடுவதற்குக் காரணம் இது என்றே நினைக்கிறேன். நாற்பதுக்கு மேல் ஆம்பளைக்குப் புது சிநேகிதன் கிடைப்பது லேசில்லை. 'வாங்க, பழகலாம்' என்றால் பழகவும் வராது. நடுவில் ஒரு வேலை வேண்டும்.

நானே மாஸ்டராக இருந்த வருஷம், நடுச்சடங்கில் ஒரு வரி மறந்துபோனது. கூடத்தில் நாற்பது பேர், பாதிப் பேருக்காவது அந்த வரி தெரியும். ஆனால் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு ஒருவருக்குத்தான், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. கையுறைக்குள் விரல் வியர்க்கிறது. பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. மீதி தானாக வந்துவிட்டது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நம் ஆபீசாக இருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள்.

சடங்கில் என்ன நடக்கும் என்று கேட்காதே. எல்லாமே எப்போதோ அச்சாகிவிட்டதுதான், தேடினால் கிடைக்கும். தேடாமல் வா. ஒரு கட்டத்தில் உன்னிடம் ஒன்று கேட்பார்கள், நீ சட்டைப் பையைத் தடவுவாய். அந்த நிமிஷத்தை முன்கூட்டியே படித்துக் கெடுத்துக்கொள்ளாதே.

பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று திவ்யா கேட்பாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த மேசானிக் சங்கத்தை 1902-ல் லண்டனுக்குக் கொண்டுவந்தவர் நம் அடையாறு அன்னி பெசன்ட்தான். எங்கள் தரப்பு அதை அங்கீகரிப்பதில்லை. திவ்யா கோபப்பட்டால் நியாயம்தான்.

விண்ணப்பம் கொடுத்தால் எங்களில் மூன்று பேர் உன் வீட்டுக்கு வருவார்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். நானும் அப்படிப் பல வீடுகளுக்குப் போய் கேட்டிருக்கிறேன். பத்தில் ஒன்பது பேர் 'சமூக சேவை' என்பார்கள். சேவைக்கு ரோட்டரி இருக்கிறது, அவர்கள் எங்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஒருவர் மட்டும், "எங்கப்பா பெட்டியில ஒரு வெள்ளைத் தோல் ஏப்ரன் இருந்துச்சு சார். கடைசிவரைக்கும் அது என்னன்னு சொல்லாமயே போயிட்டாரு" என்றார். நாங்கள் லாட்ஜில் இடுப்பில் கட்டிக்கொள்கிற ஏப்ரன் அது. காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவந்து சிபாரிசு எழுதினோம். கான்ட்ராக்ட் பிடிக்க வந்தவர்களும் உண்டு. இரண்டு வருஷத்தில் ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நீ எதற்கு வருகிறாய் என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம், சமாளித்துவிடுவாய். ஹைதராபாத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷமாகியும் ஊரில் ஒரு ஆள் தெரியாது என்று நீ சொன்னாயே, அதுதான் காரணம் என்றால் அதையே எழுது. அவர்களிடமும் அதையே சொல். திவ்யாவிடமும் பேசுவார்கள், அவளுக்கு முன்பே சொல்லிவை.

ஒன்று மட்டும். கறுப்பு கோட் தைக்க இப்போதே அளவு கொடுத்துவிடாதே. பெட்டியில் கைவிட்டு உருண்டை போடுவதுதான் ஓட்டு. வெள்ளை என்றால் சரி, கறுப்பு விழுந்தால் கதை முடிந்தது. போட்டது யாரென்று எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் மாமனால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா