கேமரா படம் உறைவதற்கு இணைய வேகம் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நெட்வொர்க் பராமரிப்பு வேலை செய்து வருகிறேன். 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, ஃபைபர் எப்போது வரும் என்று எங்கள் பகுதியில் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டடத்துக்குள் கணினிகளையும் கேமராக்களையும் கம்பி வழியே இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்தான் இல்லை.

எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் 16 கண்காணிப்பு கேமராக்களைப் பொருத்திய நாள் முதல் கணினிக்கூடம் முடங்கியது. பொருத்தியவர்கள் இணைய இணைப்பின் மேல் பழியைப் போட்டார்கள். நிர்வாகம் கூடுதல் பணம் கட்டி வேகத்தை உயர்த்தியும் ஒன்றும் மாறவில்லை. மாணவர்கள் யாரும் இல்லாத ஒரு மாலையில் ஸ்விட்ச் வைத்திருக்கும் ரேக்கை நான் திறந்து பார்த்தபோது, ஸ்விட்ச்சில் கம்பி செருகியிருந்த எல்லா போர்ட் விளக்குகளும் ஓய்வின்றி ஒன்றுபோலத் துடித்துக்கொண்டிருந்தன.

தலைமையாசிரியர் அறை, அலுவலகம், காவலர் அறை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே படத்தைப் பார்ப்பதால், கேமராக்கள் மல்டிகாஸ்ட் முறையில், அதாவது கேட்பவர் அனைவருக்கும் பொதுவாக, ஒரே ஒரு பிரதியை அனுப்பும்படி வைக்கப்பட்டிருந்தன. முறை நல்லதுதான். ஆனால் யாருக்கு எது வேண்டும் என்று அறியாத ஸ்விட்ச், அதை எல்லா போர்ட்டுகளிலும் கொட்டிவிடும். கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் பதினாறுக்கு 64. கணினிக்கூடத்தின் பழைய கணினிகளின் 100 மெகாபிட் இணைப்பில் மீதி 36தான்.

இதற்கான மருந்து ஐ.ஜி.எம்.பி. ஸ்நூப்பிங். கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படத்தை அனுப்பும் அந்த வசதியை இயக்கியதும் கூடம் சீரானது. ஆனால் நான்கு நிமிடம் கடந்ததும் காவலர் அறையில் எல்லாப் படங்களும் உறைந்துவிட்டன. வழக்கமாக ரௌட்டர் 125 நொடிக்கு ஒருமுறை 'இந்தக் குழு (ஒரு மல்டிகாஸ்ட் முகவரிக்கு வரும் படம்) இன்னும் யாருக்கு வேண்டும்?' என்று கேட்கும். வரும் பதிலைக் கொண்டே ஸ்விட்ச் தன் குறிப்பைப் புதுப்பிக்கும். அங்கே அப்படிக் கேட்பதற்கு எந்தக் கருவியும் இல்லாததால், 260 நொடி கழிந்ததும் குறிப்பு அழிந்து, படத்துக்கு வழி அடைபட்டது. முதலிலேயே இதை நான் பார்த்திருக்க வேண்டும். மைய ஸ்விட்ச்சுக்கு ஓர் ஐ.பி. முகவரி கொடுத்து அதையே அந்தக் கேள்வியைக் கேட்கும் 'குவெரியர்' ஆக்கிய பிறகு சிக்கல் திரும்பவில்லை.

இதற்கிடையே 'மல்டிகாஸ்ட்டையே அடைத்துவிடலாம்' என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அது பெரும் தவறு. அச்சுப்பொறிகளைக் கணினிகள் தாமாகக் கண்டறிவதும், புதிய இணைய முகவரி முறையான ஐ.பி.வி.6-இல் கருவிகள் ஒன்றையொன்று தேடுவதும் அதன் வழியாகத்தான். 224.0.0 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரிகளுக்கான போக்குவரத்து எல்லா போர்ட்டுகளுக்கும் போக வேண்டும் என்று ஸ்நூப்பிங் பற்றி 2006-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4541 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பரிந்துரைக்கிறது.

ஆகவே பள்ளிகளும் பஞ்சாயத்துகளும் கேமராவுக்கு ஒப்பந்தம் கோரும்போது, ஸ்நூப்பிங்கும் ஒவ்வொரு வி.லேனுக்கும் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு) ஒரு குவெரியரும் அமைத்துத் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டுகிறேன். எங்கள் பகுதிப் பள்ளி ஊழியர்கள் படிக்கும் வகையில் அந்த அமைப்பைத் தமிழிலும் எழுதி ரேக் கதவில் ஒட்டச் சொல்ல வேண்டும். பில்லில் கையெழுத்திடும் முன், எல்லாக் கேமராக்களையும் திரையில் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை