தரைக்கடிக் குழாயில் இழுத்த ஆன்டெனா கேபிள்கள் பழுது: வேலையை மறுபடி செய்து தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
தொழில்நுட்பக் குழு,
ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தன்னார்வ வானொலி) மன்றம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா,

ஆகஸ்டில் நீங்கள் முடித்துக் கொடுத்த வேலை அக்டோபர் மழையைத் தாங்கவில்லை. கோபுரத்தின் அடிப்பெட்டியிலிருந்து ரேடியோ அறையின் சுவர்ப்பெட்டி வரை 38 மீட்டர். அந்தத் தூரத்துக்கு இரண்டு ஆர்ஜி-213 ஆன்டெனா கேபிள்களும், ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாருக்கான ஒரு ரொட்டேட்டர் கேபிளும் தரைக்கடியில் குழாயில் போக வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். புகார் கொடுத்த பிறகு வந்த உங்கள் டெக்னீஷியன், அறையில் மீட்டரை மாட்டி, எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.2 காட்டுகிறது, கேபிளில் கோளாறில்லை, ஆன்டெனாவைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அறிக்கையை நாங்கள் ஏற்கவில்லை.

அறை முனையில் எஸ்.டபிள்யூ.ஆர் நன்றாக இருப்பது கேபிள் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. கேபிள் சிக்னலைத் தின்னத் தின்ன, ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் சக்தியும் வழியிலேயே கரைந்துவிடும். மீட்டர் அழகான எண்ணைக் காட்டும். கோபுர முனையில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிளைத் திறந்த நிலையில் வைத்து, 145 மெகாஹெர்ட்ஸில் நேனோ வி.என்.ஏ. என்ற கையடக்க அளவீட்டுக் கருவியால் அளந்தோம். திறந்த முனையில் சிக்னல் முழுவதும் திரும்ப வேண்டும். ஆனால் ரிட்டர்ன் லாஸ் (போன சிக்னல் திரும்பி வரும்போது குறைந்திருக்கும் அளவு) 13 டெசிபல் வந்தது. அதாவது ஆன்டெனாவே இல்லாத கேபிளுக்கு எஸ்.டபிள்யூ.ஆர் 1.6! போக ஒரு முறை, வர ஒரு முறை என்பதால் 13-இல் பாதி, 6.5 டெசிபல், ஒருவழி இழப்பு. நல்ல ஆர்ஜி-213 கேபிள் 40 மீட்டருக்கு இழக்க வேண்டியது சுமார் 3.5 டெசிபல். 50 வாட் அனுப்பினால் கோபுரத்துக்கு 22 வாட் போய்ச் சேர வேண்டிய இடத்தில் 11 வாட்தான் போகிறது. கேட்கும் பக்கத்திலும் இதே நட்டம்.

பிறகு தோண்டிப் பார்த்தோம். அறையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டரில் குழாய் தொய்ந்து கிடந்தது. அடிப்பக்கத்தை ஹாக்ஸாவால் அறுத்ததும் தண்ணீர் கொட்டியது. பக்கெட்டில் பிடித்த அளவு 4 லிட்டருக்குக் குறையாது. அதே இடத்தில், அந்தத் தண்ணீருக்குள்ளேயே, இரண்டு கேபிள்களிலும் ஜாயின்ட். உங்கள் பில்லில் "40 மீட்டர், ஒரே நீளம்" என்று இருக்கிறது. இழுத்தது 20 மீட்டர் துண்டுகள் இரண்டு, நடுவில் பி.எல்-259 கனெக்டர்களும் அவற்றை இணைக்கும் பேரலும், மேலே ஒரே சுற்று இன்சுலேஷன் டேப். பி.எல்-259 தண்ணீர் புகாத கனெக்டரே அல்ல. டேப்பைப் பிரித்தபோது பசை வெள்ளையாகக் குழைந்து வந்தது. ஜாயின்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கேபிளின் மேலுறையைக் கீறினோம். உறைக்கு அடியில் பளபளவென்று செம்பாக இருக்க வேண்டிய கம்பிப் பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருந்தது. விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலப் பின்னல் தண்ணீரை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கனெக்டரை மட்டும் மாற்றித் தருகிறோம் என்ற உங்கள் யோசனை உதவாது. அந்தக் கேபிள்கள் இனி ஆகாது.

தவறின் வேர், குழாயின் இரு முனைகளையும் சிலிக்கானால் அடைத்துவிட்டால் உள்ளே காய்ந்தே இருக்கும் என்ற எண்ணம். புதைத்த குழாயில் தண்ணீர் சேரத்தான் செய்யும். பகலில் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். எந்தச் சின்னக் கசிவு வழியாகவும் ஈரக்காற்றை உள்ளிழுத்து வியர்க்கும். அடைத்து வைத்தால் வந்த நீர் வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வரும் என்று வைத்துக்கொண்டு, அது ஓடிப்போக வாட்டம் கொடுப்பதே முறை.

குழாய் அளவிலும் குறை. மதிப்பீட்டில் 63 மி.மீ., பதித்தது 32 மி.மீ. மூன்று கேபிள்களும் குழாயின் பரப்பில் 40 சதவீதத்துக்குள் அடங்குகின்றன என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கணக்கு சரிதான், எங்களுக்கும் 37 சதவீதம்தான் வருகிறது. ஆனால் 28 மி.மீ. உள்விட்டத்தில் 19 மி.மீ. கனெக்டர்கள் இரண்டு பக்கம் பக்கமாகப் போகாது. போதாததற்கு நான்கு ஷார்ட் எல்போ (சட்டென்று திரும்பும் குழாய் வளைவு). மொத்தம் 360 டிகிரி திருப்பம், நடுவில் ஒரு சேம்பர்கூட (கேபிளை எட்டிப் பிடிக்க உதவும் சிறு தொட்டி) இல்லை. இறுக்கி இழுத்ததில் இரண்டாவது எல்போவில் மேலுறை விரல் நீளத்துக்கு உரிந்திருக்கிறது. கோபுர விளக்குக்கான 230 வோல்ட் லைனும் அதே பள்ளத்தில் ஒட்டினாற்போல் போகிறது. அதை 30 செ.மீ. தள்ளித் தனிக் குழாயில் போட வேண்டும். கோபுரத்தடி எர்த் வேலையில் மட்டும் குறை காணவில்லை, அதைத் தொட வேண்டாம்.

நாங்கள் கேட்பது இது. 63 மி.மீ. குழாய், லாங் பெண்ட் (மெதுவாகத் திரும்பும் வளைவு) மட்டும், நடுவில் ஒரு சேம்பர். அறைப் பக்கம் 45 செ.மீ. ஆழத்தில் தொடங்கி மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டத்தில் கோபுரப் பக்கம் 83 செ.மீ. வரை இறங்க வேண்டும். கோபுரப் பக்கச் சேம்பருக்கு அடித்தளம் பூசாமல், நீர் வடிய 30 செ.மீ. உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி நிரப்புங்கள். குழாய் முனைகளைக் கீழ்நோக்கி வளைத்து, எலி புகாதபடி கம்பி வலை கட்டினால் போதும், சிலிக்கான் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிச் சேம்பரே நிரம்பலாம். அதனால் கேபிளும் நேரடியாக மண்ணில் புதைக்கும் வகையாக, எல்.எம்.ஆர்-400-டி.பி போல உள்ளே நீர்தடுப்புப் பசை நிரப்பியதாக, ஜாயின்ட் இல்லாத ஒரே நீளமாக இருக்க வேண்டும். இழுக்கும்போது கிரீஸ், சோப்பு தடவாதீர்கள். கேபிளுக்கென்று விற்கும் ஜெல் போதும். இழுத்து முடித்ததும் அடுத்த முறைக்கு ஒரு நைலான் கயிற்றை உள்ளேயே விட்டு வையுங்கள். மண் மூடும் முன் எங்கள் முன்னிலையில் இரு முனையிலும் அளந்து காட்ட வேண்டும்.

2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்த நேரத்தில் செய்தி கடத்தியவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். புயல் மாதங்களில் பாதிச் சக்தியில் இந்த நிலையத்தை நடத்த எங்களால் முடியாது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலையை உங்கள் செலவில் தொடங்க வேண்டும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். வெட்டியெடுத்த கேபிள் துண்டு, ஜாயின்ட், அளவீட்டுப் படங்கள் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தொழில்நுட்பக் குழுவினர்.