உன் கடலும் எங்கள் வடிகாலும்

தலைஞாயிறு,
கார்த்திகை 5

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கார் நிக்கோபாருக்குக் கப்பலில் போனபோது பத்து டிகிரி கால்வாயில் குடலே வெளியே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே 150 கிலோமீட்டர் அளவுக்கு மறைப்பே இல்லாத கடல். ஆட்டாமல் என்ன செய்யும்?

மே மாதம் உங்கள் அந்தமானில் பருவமழை இறங்குவதை டிவியில் பார்ப்போம். அந்தப் பருவமழை எங்களுக்கு நேராக வராது. குடகில் பெய்து, மேட்டூரில் தங்கி, வாய்க்கால் வழியாகத்தான் வரும். எங்கள் மழை ஐப்பசி கார்த்திகைதான். அதற்கும் உன் கடலையே பார்க்க வேண்டியிருக்கிறது. கஜா புயல் அந்தமான் கடலைத் தாண்டியபோது அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது. 2013-ல் லெஹர் நேர்மாறு: போர்ட் பிளேர் அருகே புயலாகவே கடந்து, ஆந்திரக் கரைக்குப் போவதற்குள் சோர்ந்துபோனது. உங்கள் ஊர்க் காற்றை வைத்து எங்களுக்குக் கணக்குப் போட முடியாது. யூடியூப் வானிலைக்காரர்கள் மட்டும் தினமும் போடுகிறார்கள்.

எனக்கு மழையைவிடக் கடல்தான் கவலை. சம்பா தூர் கட்டி நிற்கிறது. போன வாரம் பெய்தது ஒன்றும் பெரிய மழையில்லை. ஆனாலும் வயலில் தண்ணீர் வடியவில்லை. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று விடாமல் அடித்ததில் கடல் ஏறி நின்று, எங்கள் வயல்தண்ணீர் வடியும் அடப்பாற்றின் தண்ணீரை வாங்கவேயில்லை. பாலத்தில் நின்று பார்த்தேன். ஆகாயத்தாமரை கிழக்கே போகாமல் ஊர்ப்பக்கமாக மெல்ல மிதந்து வருகிறது. பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. காற்று மாறிய பிறகுதான் வரப்பு கண்ணில் பட்டது. வடிகாலைத் தூர்வாரச் சொல்லிக் கோடையில் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ!

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் தைரியமாகக் கப்பலிலேயே வா. மார்கழி பாதிக்கு மேல் அந்தக் கடல் அடங்கிவிடும் என்று நீதானே சொல்வாய். சென்னைக்கு மூன்று நாள் ஆகும், புத்தகம் ஏதாவது எடுத்துக்கொள். பையனுக்கு வேலை அமைந்ததா என்று அம்மா கேட்கிறாள், மறக்காமல் எழுது.

அன்புடன்,
முருகையன்