மாதக் கடைசித் தாமதம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மூன்று மாதக் கடைசியும் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மென்பொருளில் இன்வாய்ஸ் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். சிலருக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ் விழுந்தது. சப்போர்ட்டுக்குப் போன் போட்டால் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதில் போதாது என்று எங்களுக்கும் தெரியும். காரணம் முழுதாகப் பிடிபடாமல் அரைகுறையாக எதையாவது சொல்லிவிடக் கூடாது என்றுதான் காத்திருந்தோம். இப்போது பிடிபட்டுவிட்டது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் ஒரு பேச்சு பரவிவிட்டது. "ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், சர்வருக்குச் செலவு செய்ய மட்டும் மனசு வரவில்லை. நாலு சர்வர் கூடப் போட்டால் தீரும் விஷயம்" என்று. பல வருடமாக எங்களோடு இருக்கும் ஒருவரே போனில் என்னிடம் இதைக் கேட்டபோது கஷ்டமாகத்தான் இருந்தது. மெதுவாக ஓடியது எங்கள் தவறு. இரட்டை இன்வாய்ஸ் எங்கள் தவறு. நேரத்தோடு தகவல் சொல்லாததும் எங்கள் தவறுதான். ஆனால் காசுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்பது மட்டும் உண்மை இல்லை.

சர்வர் போட்டோம். முதல் மாதக் கடைசி திணறியதும் அடுத்த வாரமே இன்வாய்ஸ் சேவைக்கு இரண்டு மடங்கு சர்வர் போட்டோம். இரண்டாவது மாதக் கடைசி முதலாவதைவிட மோசமாக இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். செலவு கூடியது, வேகம் குறைந்தது. அது எப்படி என்று விளங்கத்தான் எங்களுக்கு இத்தனை நாள் ஆயிற்று.

நம் மென்பொருள் ஒரே பெரிய புரோகிராம் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆர்டர், ஸ்டாக், இன்வாய்ஸ், பேமெண்ட், ரிப்போர்ட் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சேவை. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும். இப்படிப் பிரித்ததன் வசதியே, எதற்கு லோடு அதிகமோ அதை மட்டும் பல பிரதிகளாக, பல சர்வர்களில், ஒரே நேரத்தில் ஓட விடலாம் என்பதுதான். மாதத்தின் மற்ற நாட்களில் அது நன்றாகவே ஓடுகிறது. கடைசி இரண்டு நாளில் எல்லோரும் ஒன்றாக இன்வாய்ஸ் போட வரும்போதுதான் சிக்கல்.

இரண்டாவது மாதக் கடைசி இரவு பதினோரு மணி இருக்கும். கண்காணிப்புத் திரையில் நாங்கள் எதிர்பார்த்தது, எல்லா சர்வரும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும் காட்சி. பார்த்தது வேறு. புராசஸர்கள் முக்கால்வாசி சும்மா இருந்தன. மெமரியும் தாராளமாக இருந்தது. அப்புறம் டேட்டாபேஸில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தோம். பக்கம் பக்கமாக ஓடியது. அத்தனை வரியும் ஒரே இடத்தைத்தான் காட்டின: அடுத்த இன்வாய்ஸ் எண் எது என்று குறித்து வைத்திருக்கும் ஒரு சின்ன அட்டவணை, அதில் ஒரே ஒரு பதிவு.

இன்வாய்ஸ் எண் விட்டுப்போகக் கூடாது, இரண்டு பேருக்கு ஒரே எண்ணும் போகக் கூடாது. அதனால் ஒருவர் எண்ணை எடுக்கும்போது அந்தப் பதிவுக்கு ஒரு பூட்டு விழும். அவர் முடித்துவிட்டுப் பூட்டைத் திறக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அது சரியான ஏற்பாடுதான். தவறு எங்கே என்றால், எங்கள் புரோகிராம் முதல் வேலையாகப் போய் எண்ணை எடுத்துக்கொண்டு, பூட்டைக் கையில் வைத்தபடியே வரித்தொகையைக் கணக்கிட்டது, பிடிஎஃப் தயாரித்தது, மெயில் சேவையைக் கூப்பிட்டு அது பதில் சொல்லும்வரை நின்றது. எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டைத் திறந்தது. நாங்கள் அளந்தபோது சராசரியாக 400 மில்லிசெகண்ட் ஆனது. அதாவது அரை நொடிகூட இல்லை. ஒரு ஆள் இன்வாய்ஸ் போட்டால் அது தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் என்றால் நொடிக்கு இரண்டரை இன்வாய்ஸ், நிமிடத்துக்கு 150. பத்து சர்வர் வைத்தாலும் 150, நூறு வைத்தாலும் அதே 150. ஒரு அலுவலகத்தில் எழுத்தர்கள் எட்டுப் பேர், முத்திரை ஒன்று. எட்டை இருபது ஆக்கினால் முத்திரைக்கு நிற்கும் வரிசைதான் நீளும்.

வரிசை நீண்டதோடு விட்டதா என்றால், இல்லை. புதிதாகப் போட்ட ஒவ்வொரு பிரதியும் டேட்டாபேஸுக்குத் தன் பங்குக்குப் பல இணைப்புகளைத் திறந்தது. அந்தப் பெரிய கூட்டத்தை நிர்வகிப்பதிலேயே டேட்டாபேஸின் நேரம் போயிற்று. எங்கள் ஆர்டர் சேவைக்கு ஒரு பழக்கம் உண்டு: இன்வாய்ஸ் சேவையைக் கூப்பிட்டு 30 நொடி பார்க்கும், பதில் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி கூப்பிடும். முதல் கோரிக்கை தோற்கவில்லை, வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆக ஒரே வேலைக்கு இரண்டு பேர் வரிசையில். வரிசை நீள நீள மறுமுயற்சிகள் கூடின, மறுமுயற்சிகள் கூடக் கூட வரிசை நீண்டது. உங்களுக்கு இரண்டு இன்வாய்ஸ் விழுந்ததும் இதனால்தான்.

இந்த மறுமுயற்சி விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். உங்களில் ஒருவருடைய கணக்காளர், தனக்கு வந்த இரட்டை இன்வாய்ஸ்களை எல்லாம் எண்ணோடும் அதில் பதிவான நேரத்தோடும் ஒரு எக்ஸெல் தாளில் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் சரியாக 30 நொடி. அதைப் பார்த்த நிமிடமே விஷயம் புரிந்துவிட்டது. அவர் இந்த மடலைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

"நாலு சர்வர்" பேச்சுக்கு மறுபடி வருகிறேன், மன்னிக்கவும். சர்வரைக் கூட்டினால் மட்டும் வேகம் கூடிவிடாது என்பது எங்கள் கற்பனை இல்லை. ஐபிஎம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் எந்தப் பகுதியைப் பிரித்துக் கொடுக்க முடியாதோ, அந்தப் பகுதிதான் மொத்த வேகத்துக்கும் எல்லை. 100 நிமிட வேலையில் 30 நிமிடம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்று வையுங்கள். மீதி 70-ஐ நாலு சர்வருக்குப் பிரித்தால் மொத்தம் 47 நிமிடம் சொச்சம் ஆகும். பதினாறுக்குப் பிரித்தால் 34 சொச்சம். ஆயிரம் சர்வர் போட்டாலும் 30-க்குக் கீழே இறங்காது. அதனால் காசை சர்வரில் கொட்டுவதற்கு முன்னால் அந்த 30-ஐ 3 ஆக்க வேண்டும். பூட்டு பிடிபட்ட பிறகு நாங்கள் செய்தது அதைத்தான். அது வெளியே தெரியாத வேலை, பில்லில் வராத வேலை. அதனால்தான் ஒன்றும் செய்யாததுபோலத் தோன்றியது.

வேறு சிலர், "வேகமான ஒரே மெஷின் வாங்கிவிடலாமே" என்று அன்போடு சொன்னார்கள். ஒரு காலத்தில் அது நடந்தது. புதிய புராசஸர் வந்தால் பழைய புரோகிராம் தானாகவே வேகமாக ஓடியது. 2005 வாக்கில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. புராசஸரின் கடிகார வேகத்தை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, ஏற்றினால் சூடு தாங்கவில்லை, அதனால் ஒரே சில்லில் பல கோர்களை, அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பல புராசஸர்களை, வைக்க ஆரம்பித்தார்கள். இன்று பெரிய மெஷின் என்றால் பெரும்பாலும் கோர்கள் அதிகமான மெஷின். அத்தனை கோரும் அதே பூட்டுக்கு முன்னால்தான் வந்து நிற்கும்.

சரி, என்ன மாற்றினோம்? எண்ணை எடுக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளினோம். வரிக் கணக்கு எல்லாம் முடிந்து, எழுத வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் எண்ணை எடுத்து, இன்வாய்ஸைப் பதிந்து, உடனே பூட்டைத் திறந்துவிடுகிறது. பிடிஎஃப், மெயில் இரண்டும் ஒரு க்யூவுக்குப் போகின்றன. பின்னால் பல பேர் அதை ஒரே சமயத்தில் எடுத்துச் செய்கிறார்கள். இப்போது பூட்டு விழுந்திருக்கும் நேரம் 10 மில்லிசெகண்டுக்குள். அதே கணக்குப்படி நொடிக்கு 100. எண் வரிசையையும் கிளைவாரியாகப் பிரித்துவிட்டதால், ஒரு கிளையின் கூட்டம் இன்னொரு கிளையை நிறுத்தாது. மறுமுயற்சிக்கும் வழி செய்தாகிவிட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கென்று ஒரு அடையாளச் சாவியோடு வருகிறது. அதே சாவி இரண்டாவது முறை வந்தால், புதிதாக இன்வாய்ஸ் போடாமல் பழையதையே எடுத்துக் கொடுக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கலாம். பூட்டில் கை வைத்தால் கணக்கு தப்பும் ஆபத்து உண்டு. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்டாக்கில் ஒரு பொருள் 10 இருக்கிறது. இரண்டு ஆர்டர்கள் ஒரே கணத்தில் வருகின்றன, ஒன்றுக்கு 3, இன்னொன்றுக்கு 4. இரண்டு பிரதிகளும் 10 என்று படிக்கின்றன. ஒன்று 7 என்று எழுதுகிறது, மற்றது 6 என்று எழுதுகிறது. கடைசியாக எழுதியவர் 6 என்றால் ஸ்டாக் 6. இருக்க வேண்டியது 3. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எதுவும் நின்றுபோகாது. உங்கள் கிடங்கில் எண்ணிப் பார்க்கும் நாளில்தான் தெரியும். சோதனை ஓட்டத்தில் நூறு முறை சரியாக வரும், நூற்றியோராவது முறை இப்படிக் காலை வாரும். எங்கள் சோதனையில் இது ஒரு முறை வந்தது, ஒரே முறைதான். அதைப் பார்த்த பிறகு அவசரப்பட்டு உங்களிடம் அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. மெதுவாக வரும் சரியான கணக்கை நீங்கள் மன்னிப்பீர்கள், வேகமாக வரும் தப்புக் கணக்கை மன்னிக்க மாட்டீர்கள், மன்னிக்கவும் கூடாது.

வரிசை முறையும் அப்படித்தான். பணம் வந்தது, அப்புறம் ஆர்டர் ரத்தானது என்ற இரண்டு செய்திகளை இரண்டு பிரதிகள் தனித்தனியாக எடுத்தால், ரத்து முதலில் முடிந்து பணம் அநாதையாக நிற்கலாம். அதனால் ஒரு வாடிக்கையாளர் கணக்கு தொடர்பான எல்லாம் ஒரே வரிசையில், வந்த ஒழுங்கிலேயே போகும். வெவ்வேறு கணக்குகள் மட்டும் ஒரே சமயத்தில் ஓடும். ஒரே கணக்கில் ஆயிரக்கணக்கில் பதிபவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் காத்திருப்புதான், அதை அடுத்து கவனிக்கிறோம்.

இந்த வேலைக்கு நடுவில், இன்வாய்ஸ் சேவையை முதலில் எழுதிய எங்கள் மூத்த பொறியாளர் வேலையை விட்டுப் போனார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, நல்லபடியாகவே பிரிந்தோம். ஆனால் அவர் தலையில் இருந்ததை மற்றவர்கள் புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ள ஆறு வாரம் பிடித்தது.

போன மாதக் கடைசியில், முன்வந்த சில வாடிக்கையாளர்களை மட்டும் புதிய முறைக்கு மாற்றிப் பார்த்தோம். இரண்டு நாளும் நாங்கள் யாரும் திரையை விட்டு நகரவில்லை. இரட்டை இன்வாய்ஸ் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் அவர்களில் ஒருவருக்குப் போன் செய்து எப்படி இருந்தது என்று கேட்டேன். "மாதக் கடைசி முடிந்துவிட்டதா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வரும் ஞாயிறு இரவு 12 முதல் 4 வரை எல்லோரையும் மாற்றுகிறோம், அந்த நேரத்தில் லாகின் ஆகாது. இனி இன்வாய்ஸ் எண்ணுக்கு முன்னால் கிளைக் குறியீடு வரும், சுருக்க ரிப்போர்ட்டுகள் ஓரிரு நிமிடம் பின்தங்கிக் காட்டும், அடுத்த முறை சந்தாவைப் புதுப்பிக்கும்போது அது சற்று உயரும். விவரம் தனி மெயிலில் வரும்.

இந்த மூன்று மாதமும் வேறு மென்பொருளுக்குப் போக உங்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பெரும்பாலானவர்கள் போகவில்லை. திட்டிக்கொண்டேயாவது இருந்தீர்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்பினீர்கள், இரவு பதினோரு மணிக்கு எங்கள் சப்போர்ட் பையன்களிடம் "நீங்கள் சாப்பிட்டீர்களா" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் அதை என்னிடம் வந்து சொன்னார்கள். மனமார்ந்த நன்றி.

இரட்டை இன்வாய்ஸ் இன்னும் ரத்தாகாமல் யாரிடமாவது இருந்தால், எண்ணை மட்டும் சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிறு இரவும் திங்கள் முழுவதும் நானே போன் எடுக்கிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்