மெமரி கூட்டும் முன் குவெரியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மென்பொருளில் ஒரு திரை திறக்க அரை நிமிடம் ஆனால், ‘சர்வர் பத்தவில்லை, மெமரி கூட்டுங்கள்’ என்பதுதான் முதல் பேச்சு. பெரும்பாலும் கோளாறு, தரவுதளத்திடம் தகவல் கேட்கும் கட்டளைகளான குவெரிகளில் ஒன்றிரண்டில்தான் இருக்கும். மெமரியைக் கூட்டினால் அது கொஞ்ச நாள் மறையும். தரவு வைத்திருக்கும் டேபிள் பெருத்ததும் திரும்ப வரும்.

போஸ்ட்கிரஸ் தரவுதளம் வைத்திருப்பவர்கள் அந்தக் குவெரியின் முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ சேர்த்து ஓட்டட்டும். குவெரி ஓடிய வழியையும் எடுத்த நேரத்தையும் இது காட்டும். குவெரியை நிஜமாகவே இயக்கும் என்பதால், டெலீட், அப்டேட் என்றால் டிரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய வேலைத்தொகுப்பு) ஓட்டி ரோல்பேக் செய்வது, அதாவது மாற்றத்தைக் கைவிடுவது அவசியம். பத்து வரிசைகளுக்காகப் பெரிய டேபிள் முழுவதையும் ‘சீக் ஸ்கேன்’ (வரிசையாக முழுதும் படிப்பது) செய்திருந்தால், தேடலை விரைவாக்கும் அடைவான இண்டெக்ஸ் இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை. டேபிளில் பாதியை எடுக்கும் குவெரிக்கு முழு ஸ்கேன்தான் சரி. அதைக் குறை சொல்ல வேண்டாம். மதிப்பீடு 10 வரிசை, வந்தது 1 லட்சம் என்றிருந்தால், டேபிளைப் பற்றித் தரவுதளம் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழையதாக இருக்கலாம். அந்த டேபிளுக்கு ‘அனலைஸ்’ ஓட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போவதுதான் அதிகம் ஏமாற்றுவது. கிளை, தேதி என்ற வரிசையில் போட்ட கூட்டு இண்டெக்ஸில் தேதியை மட்டும் கேட்பது, பெரும்பாலும் அகராதியை வைத்துக்கொண்டு எதுகை தேடுவது போல. மோனைக்கு உடனே பக்கம் கிடைக்கும். இரண்டாம் எழுத்துக்கு முழு அகராதியையும் புரட்ட வேண்டும். தேதி நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டாலும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. ‘இந்த நாள் முதல், மறுநாளுக்கு முன் வரை’ என்று வீச்சாக எழுதினால் உதவும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுதளத்தில் இன்னொரு பொறி உண்டு. கைபேசி எண்ணை எழுத்து வகை நெடுவரிசையில் வைத்துவிட்டு, மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகத் தேடினால் இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுவதும் ஓடும். இரண்டு மேற்கோள் குறிகளில் தீர்கிற காரியம்.

போஸ்ட்கிரஸில் புதிய இண்டெக்ஸைப் பட்டப்பகலில் சாதாரணமாகப் போட்டால், முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது. எழுதுவதை நிறுத்தாமல் போட, கட்டளையில் ‘கன்கரன்ட்லி’ சேர்க்கலாம். ஆனால் அது பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். தேடலுக்கு உதவாமல், எழுதும் வேலையை மட்டும் கூட்டும். நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்.

அடுத்து பராமரிப்பு. போஸ்ட்கிரஸில் அப்டேட், டெலீட் செய்த பழைய வரிசைகள் உடனே போகாமல் செத்த வரிசைகளாகக் கிடக்கும். அவற்றைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்கம், இயல்பாக டேபிளின் 20 சதவீதமும் கூடவே 50 வரிசையும் அப்படிச் சேரும்வரை காத்திருக்கும். 1 கோடி வரிசை டேபிளில் அது 20 லட்சத்துக்கு மேல்! அத்தகைய டேபிளுக்கு மட்டும் இந்தச் சதவீதத்தைக் குறிக்கும் ஸ்கேல் ஃபாக்டரை 0.02 ஆக்கினால் 2 லட்சம் சேர்ந்ததுமே சுத்தம் தொடங்கும். அப்படியும் குறையாவிட்டால், மணிக்கணக்காக மூடாமல் விட்ட டிரான்சாக்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருக்கும்வரை, அதற்குப் பிறகு செத்த வரிசைகளை வேக்கமால் அகற்ற முடியாது.

பொறுமையிழந்து ‘வேக்கம் ஃபுல்’ ஓட்டுவோர் உண்டு. அது டேபிளைப் படிக்கக்கூட விடாமல் பூட்டும். புதிய நகல் எழுத வட்டில் இடமும் கேட்கும். இண்டெக்ஸ் மட்டும் வீங்கியிருந்தால், 12ஆம் பதிப்பிலிருந்து ‘ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி’ இருக்கிறது.

கண்ட நெடுவரிசைக்கெல்லாம் இண்டெக்ஸ் போடுவதும் வினைதான். ஒவ்வொரு இன்செர்ட்டும் அத்தனையிலும் எழுத வேண்டும். பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யமாக உள்ளவற்றை நீக்கலாம். ஆனால் யுனீக் இண்டெக்ஸ்மேல் கை வைக்காதீர்கள். தேடலுக்கு உதவாவிட்டாலும் இரட்டைப் பதிவைத் தடுப்பது அதுதான். ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்தால் அங்கும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நீக்குங்கள். மாதக் கடைசி அறிக்கை அங்கே அதே இண்டெக்ஸை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தரவுதளப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்