ஒன்பதில் ஒன்று

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது, நான் விசாரித்ததாகச் சொல். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கே போனால் ஒன்றுமே ஆவதில்லையே, அப்புறம் ஃபோட்டானை, அதாவது ஒற்றை ஒளித்துகளை, வைத்து குவாண்டம் கணினிக்கு எப்படி லாஜிக் கேட் கட்டுகிறீர்கள் என்று. அதற்கான பதில் எங்கள் மேசையிலேயே கிடைத்த பிறகு எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். போன வாரம் கிடைத்துவிட்டது!

நீ பிடித்த இடம் சரியான இடம். ஃபோட்டானில் ஒரு கியூபிட்டை (0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்) மட்டும் மாற்றுவது சுலபம், போலரைசேஷனை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, திருப்பினால் ஆயிற்று. சிக்கல் இரண்டு கியூபிட் கேட்டில்தான், அங்கே ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றது மாற வேண்டும், ஆனால் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. 2001இல் நில், லஃப்லாம், மில்பர்ன் மூவரும் நேச்சர் இதழில் ஒரு வழி சொன்னார்கள்: ஒற்றை ஃபோட்டான்கள், ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி மீதியைக் கடக்கவிடும் பீம் ஸ்ப்ளிட்டர்கள், ஃபோட்டான் வந்ததைக் காட்டும் டிடெக்டர்கள் இவையே போதும், துணைக்குச் சில ஃபோட்டான்களையும் சேர்த்து அனுப்பி அவற்றை அளந்தால் அந்த அளவீடே மீதி வேலையைச் செய்துவிடும். ஆனால் கேட் எப்போதாவதுதான் பலிக்கும். பலித்ததா என்பதை டிடெக்டர் சொல்லிவிடும்.

எங்களுடையது அதைவிட எளிய வகை, 2002இல் ரால்ஃப் குழுவும் ஹாஃப்மன், தாக்கேயுச்சி இருவரும் தனித்தனியாகச் சொன்னது, 2003இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஓப்ரையன் குழு செய்து காட்டியது. மையத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிரதிபலித்து மீதியைக் கடக்கவிடும் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர். இருபுறமிருந்தும் ஒரு ஃபோட்டான் வருகிறது. வெளியே பக்கத்துக்கு ஒன்றாக வர வேண்டுமென்றால் இரண்டே வழி: இரண்டும் பிரதிபலிக்க வேண்டும், அதன் வீச்சு (வர்க்கப்படுத்தினால் நிகழ்வாய்ப்பைத் தரும் எண்) 1/3, அல்லது இரண்டும் கடந்து இடம் மாற வேண்டும், அதன் வீச்சு 2/3, ஆனால் எதிர்க்குறியோடு. எது எது என்று பிரித்தறியவே முடியாதபடி ஃபோட்டான்கள் ஒன்றுபோல இருந்தால் இரண்டையும் கூட்டியாக வேண்டும், −1/3 வருகிறது. மற்றப் பாதைகளிலும் அதே அளவு ஒளியை வேண்டுமென்றே இழக்கச் செய்தால் எல்லா உள்ளீட்டுக்கும் வீச்சு 1/3தான், இரண்டு கியூபிட்டும் 1ஆக வரும்போது மட்டும் அந்தக் கழித்தல் குறி. ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றது மாறுவது இதில்தான், அந்தக் குறிதான் கேட்! வீச்சை வர்க்கப்படுத்து, ஒன்பதில் ஒரு தடவை பலிக்கும்.

ஒன்றுபோல இருந்தால் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், எங்கள் இரண்டு மாதம் அதில்தான் போனது. 405 நானோமீட்டர் லேசர் ஒரு படிகத்துக்குள் போய் 810இல் ஜோடி ஃபோட்டான்களாக வருகிறது. ஒரு பாதையின் நீளத்தைத் திருகில் பத்து பத்து மைக்ரானாக நகர்த்தி, இரண்டு டிடெக்டரும் சேர்ந்து அடிக்கும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே போனால், இரண்டு ஃபோட்டான்களும் ஒரே கணத்தில் வந்து சேரும் இடத்தில் அது பள்ளமாக இறங்கும், 1987இல் ஹாங், ஓ, மாண்டெல் கண்ட அதே பள்ளம். இந்த ஸ்ப்ளிட்டரில் அது அதிகபட்சம் 80 சதவீதம்தான் இறங்க முடியும், கணக்கே அப்படி. எங்களுக்கோ நொடிக்கு 500 இருந்த எண்ணிக்கை 200க்குக் கீழே வரவே இல்லை. லென்ஸ், ஃபில்டர், படிகம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் ஒளி போகும் கண்ணாடி இழையான ஒரு ஃபைபர் வளைந்திருந்த இடத்தில் போலரைசேஷன் கொஞ்சம் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி திருகை நகர்த்தினேன், 300, 180, 110. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, இதை அடுக்கிக்கொண்டே போனால் கணினி ஆகிவிடுமா? ஆகாது. பத்து கேட்டும் ஒருசேரப் பலிப்பது ஏறக்குறைய 349 கோடியில் ஒரு தடவை, அதுவும் பலித்ததா என்று பார்க்க ஃபோட்டானையே அழிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எனக்கு 2005இல் பிரௌன், ருடால்ஃப் சொன்ன வழியில் நம்பிக்கை அதிகம்: ஒன்றோடொன்று குவாண்டம் தொடர்பில் பின்னிய சில ஃபோட்டான்களின் சிறு நிலைகளை முதலில் செய்து வைத்துக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டுவது, ஒட்டுவது பாதித் தடவை தவறினாலும் போவது ஓரத்துத் துண்டுதான், மறுபடி முயலலாம். ஃபோட்டான் வழியில் தொலைவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, அதற்கு இன்னும் நிறைய உழைக்க வேண்டும்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். நான்கு டிடெக்டரின் நேரப்பதிவுகளை ஒப்பிட்டு எது எது சேர்ந்து அடித்தது என்று எண்ணும் நிரல் எங்களிடம் இருப்பது ரொம்ப மந்தம். நீ அந்தக் காலத்தில் எழுதிய வரிசைப்படுத்தும் நிரல் நினைவிருக்கிறதா? அந்த மாதிரி ஒன்று வேண்டும். நேரம் கிடைக்கும்போது கூப்பிடு, மாதிரித் தரவு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்